வாக்கி-டாக்கியின் அரை வாட்

நம் வாசல் காவலர்கள் கையில் வாக்கி-டாக்கி இருப்பதை தினமும் பார்க்கிறீர்கள். "கீழ் பேஸ்மென்ட்டில் சரியாகக் கேட்பதில்லை, 5 வாட் செட் வாங்கிவிடலாமே" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த வாட் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. சங்கப் பணத்தைச் செலவழிக்குமுன் அதைத் தெரிந்துகொள்வோம்.

உங்களில் மூத்தவர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் ஞாபகமிருக்கும். தபாலாபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்கும் சின்னப் புத்தகம். பாட்டு கேட்கும் பெட்டிக்கு எதற்கு லைசென்ஸ்? 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், தந்தி அமைப்பதையும் நடத்துவதையும் கட்டுப்படுத்தியது. 1933-ல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டமோ, உரிமமின்றி அந்தக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு ஒரு கதவையும் திறந்து வைத்தது: மத்திய அரசு சில கருவிகளுக்கு விலக்கு அளிக்கலாம். கேட்கும் ரேடியோவுக்கான லைசென்ஸ் 1980-களில் ஒழிந்தது. பேசும் ரேடியோ மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தது.

எத்தனை வாட் வரை பொதுமக்கள் கையில் கொடுக்கலாம்? அமெரிக்கா இதில் முன்னமே பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 1958-ல் 27 மெகாஹெர்ட்ஸில் 'சிட்டிசன்ஸ் பேண்ட்' திறக்கப்பட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எந்த பங்கில் டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் அதில் பேசிக்கொண்டார்கள். மற்றவர்களும் செட் வாங்கிக் குவித்தார்கள். அனுமதி 4 வாட்தான். நெரிசலில் தன் குரல் எடுபடவில்லை என்று சிலர் ஆம்ப்ளிஃபயர் மாட்டி 100 வாட்டுக்கு மேலும் ஏற்றினார்கள். ஒருவர் ஏற்றினால் அடுத்தவரும் ஏற்றத்தானே செய்வார்? பக்கத்து வீட்டு டிவியில் கோடு கோடாக விழுந்தது. 1978-ல் அத்தகைய ஆம்ப்ளிஃபயர்களின் விற்பனையையே அரசு தடை செய்தது.

அடுத்து வந்த ஏற்பாடுகள் சிக்கனமானவை. 1996-ல் அமெரிக்கா, குடும்ப உபயோகத்துக்கான எஃப்.ஆர்.எஸ். சேவைக்கு அரை வாட் அனுமதித்தது. 1998-ல் ஐரோப்பிய நாடுகளும் 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் என்றே முடிவு செய்தன. இரண்டிலும் ஆன்டெனா செட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஏனென்றால் பெரிய ஆன்டெனா மாட்டினாலே சக்தி கூடிவிடும். 2017-ல் அமெரிக்கா பல சேனல்களில் அளவை 2 வாட்டாக உயர்த்தியது.

நம் நாட்டில் 2005-ல் 27 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு 5 வாட் வரை விலக்கு கிடைத்தது. ஆனால் அதற்கு நீள ஆன்டெனா தேவை. கட்டடத்துக்குள் கையில் வைத்துக்கொள்ளத் தோதுப்படாது. 2018 அக்டோபரில்தான் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்கு உட்பட்ட செட்டுகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விதி வந்தது. 1933-ல் வைத்த கதவு வழியாக இந்த அரை வாட் உள்ளே வர 85 ஆண்டுகள் ஆயின. பழைய இரண்டு சட்டங்களின் இடத்துக்கு 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது.

5 வாட் என்றால் பத்து மடங்கு தூரம் என்று நினைக்காதீர்கள். தடையில்லாத திறந்தவெளிக் கணக்கிலேயே சுமார் மூன்று மடங்குதான். பேஸ்மென்ட்டில் தடுப்பது கான்கிரீட். சரிவுப்பாதையில் நிற்கும் காவலர் செய்தியை வாங்கிக் கீழே சொன்னால் அரை வாட்டே போதும். தெருவில் உள்ள மற்ற குடியிருப்புகளும் இதே 16 சேனல் அளவு இடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் செட்டையும் இங்கே பயன்படுத்த வேண்டாம். அது 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் விலக்கு அதற்குப் பொருந்தாது. ஆன்லைனில் வாங்குவோருக்காக, லைசென்ஸ் தேவையா என்ற விவரத்தை விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது.

ஆகவே செட் வாங்கும்போது மூன்று விவரங்களைக் கேளுங்கள்: அலைவரிசை, வாட் அளவு, கருவிக்கான அரசு ஒப்புதல் சான்று. மூன்றையும் பில்லோடு சேர்த்துச் சங்கக் கோப்பில் வைத்துவிட்டால், நாளை யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.