புளியங்குளத்துத் தண்டவாளங்கள்

கட்டடம் அழியினும் அதன் பொருள்கள் அழிவதில்லை. அவை பிறிதொரு கட்டடத்துள் புகுகின்றன. போர்த்துக்கேயர் 1621 இல் இடித்த நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சென்றன என்பது வரலாற்று மரபு.

வன்னியிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. 1905 இல் நிறைவுற்ற வடக்குப் புகையிரதப் பாதை புளியங்குளத்தின் ஊடாகச் செல்வது. 1990 இல் சேவை நின்றபின், அப்பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரையாயின. 1997 இல் புளியங்குளமே பெரும் போர்க்களமாயிற்று.

போர் 2009 இல் முடிந்தது. ஆயினும் பெயர்த்த இரும்பு பாதைக்கு மீளவில்லை. இந்தியக் கடனுதவியுடன் புதிய தண்டவாளம் இடப்பட்டு, 2013 செப்டெம்பரிலேயே புகையிரதம் புளியங்குளம் கடந்து கிளிநொச்சியை அடைந்தது.

பழையன கொண்டு புதியன கட்டுதல் சிக்கனம் என்பர். இடிந்ததை எடுத்தாள்வதற்கே அச்சொல் பொருந்தும். இங்கோ ஊர்களை இணைத்த பாதையே பெயர்க்கப்பட்டது. 23 ஆண்டுகள், ஒரு தலைமுறை புகையிரதம் காணாது வளர்ந்தது. அக்கூரைகளின் விலை அதுவே.