எல்லைக்கோடும் சட்டமொழியும்: தென் டிரோல் சிக்கல்

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த தென் டிரோலை 1919ஆம் ஆண்டின் செயின்ட் ஜெர்மைன் உடன்படிக்கை இத்தாலிக்கு அளித்தது. அங்கு வாழ்ந்தோருள் மிகப் பெரும்பான்மையினர் ஜெர்மன் மொழியினர். பாசிச ஆட்சி 1923 முதல் ஜெர்மன் வழிக் கல்வியை ஒழிக்கத் தலைப்பட்டது. எத்தோரே தொலொமெய் தொகுத்த இத்தாலியப் பெயர்கள் ஊர்கள்மீது ஏற்றப்பட்டன. இப்பெயர் மாற்றம் நிலத்தை இரண்டாம் முறை இழந்ததற்கு ஒப்பாயிற்று எனலாம்.

1946 செப்டம்பரில் பாரிசில் கையெழுத்தான குரூபர்-தெ காஸ்பெரி உடன்பாடு தன்னாட்சிக்கு வழி செய்தது. ஆயினும் 1948ஆம் ஆண்டுச் சட்டம், இத்தாலியர் மிகுந்த திரெந்தோவுடன் தென் டிரோலை ஒரே மண்டலமாகப் பிணைத்து, கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1960இல் ஆஸ்திரியா இச்சிக்கலை ஐ.நா. பொதுப்பேரவைக்குக் கொண்டுசென்றது. மறு ஆண்டு ஜூனில் ஓரிரவில் முப்பதுக்கு மேற்பட்ட மின்கோபுரங்கள் தகர்க்கப்பட்டன.

1972ஆம் ஆண்டின் இரண்டாம் தன்னாட்சிச் சட்டமே திருப்புமுனை. அதன் 99ஆம் பிரிவு ஜெர்மனை இத்தாலிய மொழிக்கு நிகராக்கியது. ஆனால் சட்டமியற்றும் ஆவணங்களில் இத்தாலியப் பாடமே அதிகாரமுடையது என்றும் விதித்தது. நிகர் என எழுதுவது எளிது. மொழிபெயர்ப்பாளர் பட்ட பாடு வேறு. இத்தாலியச் சட்டக் கருத்துக்கு வியன்னாவில் வழங்கும் சொல்லை எடுத்தாண்டால், ஆஸ்திரியச் சட்டத்தின் பொருளும் உடன் வந்துவிடும். புதிதாகச் சொல் ஆக்கினாலோ, தாய்மொழியாளருக்கே அது அயலாகத் தோன்றும். இதன்பொருட்டே 1988ஆம் ஆண்டு ஆணை ஒன்று, இரு தரப்பினரும் சம அளவில் இடம்பெறும் கலைச்சொற்குழுவுக்கு வகைசெய்தது.

ஐரோப்பிய ஒருங்கிணைப்பே இப்பூசலைத் தீர்த்தது என்பார் உளர். காலவரிசை இக்கூற்றுக்கு முழுமையாக இடந்தரவில்லை. பூசல் முடிந்ததென ஆஸ்திரியா ஐ.நா.வுக்கு அறிவித்தது 1992இல். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததோ 1995இல். தன்னாட்சி முன்னது, ஒருங்கிணைப்பு பின்னது. எனினும் பின்னதன் பங்கு சிறிதன்று. 1998இல் பிரென்னர் கணவாயில் எல்லைச் சோதனை நீங்கியபின், பிரிந்து சென்று அடைய வேண்டியவற்றுள் பல பிரியாமலே கைகூடின. இன்ஸ்புரூக்கில் பயிலவும் பணியாற்றவும் எவரும் எல்லையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரு டிரோல்களும் திரெந்தோவும் 2011இல் எல்லை கடந்த சட்டமுறை அமைப்பொன்றில் இணைந்தன. முன்னர் வெறுக்கப்பட்ட திரெந்தோ இதில் பங்காளி ஆனது கருதத்தக்கது.

2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 'சூட்டிரோல்' என்னும் ஜெர்மன் பெயர் இத்தாலிய அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. சிற்றூர்ப் பெயர்களில் மட்டும் பழைய புண் ஆறவில்லை. அவை குறித்து மாகாணப் பேரவை 2012இல் இயற்றிய சட்டத்தை ரோம் அரசு நீதிமன்றத்தில் எதிர்த்தது. 2019இல் பேரவையே அதனை நீக்கியது.