சமத்துவ வளர்ச்சி முன்னெடுப்பு (சியாட்டில்)

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகராட்சி 2016-இல் தொடங்கிய நிதித்திட்டம். வாடகையும் நிலவிலையும் ஏறுவதால் கறுப்பினத்தவர், பூர்வகுடியினர், ஆசிய, லத்தீன் அமெரிக்க வழியினர், அண்மைக் காலத்தில் குடியேறிய கிழக்கு ஆப்பிரிக்கர் ஆகியோர் தாங்கள் வேரூன்றிய வட்டாரங்களைவிட்டு வெளியேற நேர்வதைத் தடுப்பது இதன் நோக்கம். அந்தந்த வட்டாரத்து அமைப்புகள் தாமே வகுத்து, தாமே நடத்தும் பணிகளுக்கு நகராட்சிப் பணம் தரப்படுகிறது. மனை வாங்கவும் கட்டடம் எழுப்பவும் மட்டுமல்லாமல், வரைபடம், மண் பரிசோதனை, வழக்கறிஞர் கட்டணம் போன்ற முன்செலவுகளுக்கும், கணக்கு வழக்கைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதற்கும்கூட இந்த நிதி உதவுகிறது. நகரத் திட்டமிடல் அலுவலகம் நிர்வகிக்கிறது. சமூகத்தினர் இடம்பெறும் ஆலோசனைக் குழு பரிந்துரை செய்கிறது. இதைப் போன்ற முயற்சிகள் அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட, பணம் தீர்ந்தபின் கிரயப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தது என்பதே மக்கள் தங்கினார்களா, போனார்களா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

வெளியேற்றத்தின் கதை பத்திரத்திலிருந்துதான் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சியாட்டிலின் பல மனைப்பிரிவுகளில் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதப்பட்டது: வெள்ளையர் அல்லாதவர் அந்த மனையை வாங்கவோ அதில் குடியிருக்கவோ கூடாது, வீட்டு வேலைக்காரராக இருந்தால் மட்டும் தங்கலாம். 1930-களில் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வண்ண வரைபடம் தயாரித்தபோது, கறுப்பினத்தவரும் ஆசியரும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் தீட்டி, கடன் கொடுக்க ஆகாத இடம் என்று தரம் பிரித்தது. சியாட்டிலில் மத்திய மாவட்டம் எனப்படும் பகுதி அப்படிச் சிவந்தது. வில்லியம் குரோஸ் என்ற கறுப்பின முன்னோடி 1882-இல் ஹென்றி யெஸ்லரிடமிருந்து 12 ஏக்கர் வாங்கிக் குடியேறிய பக்கம் அது. வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினத்தவர் அங்கே கூடினர். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1964 மார்ச்சில் சியாட்டில் வாக்காளர்கள் முன் வந்தது. ஒருவர் ஆதரித்தால் இருவர் எதிர்த்தனர், தோற்றது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்டு இரண்டு வாரம் கழிந்தபின்தான், நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரான சாம் ஸ்மித் முன்மொழிய, அதே சட்டம் நிறைவேறியது. சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் முப்பது ஆண்டுகள் கடன் மறுக்கப்பட்டதால் சேராமல் போன சொத்தை அது திருப்பித் தரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் மத்திய மாவட்டத்தில் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர்; 2010-களின் நடுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. யாரும் அவர்களைக் காவலர் வைத்துத் துரத்தவில்லை. சொந்த வீடு இருந்தவர்களைச் சொத்துவரி அழுத்தியது, வாடகைக்கு இருந்தவர்களை வாடகை அழுத்தியது; வீடு வீடாக, ஓசையில்லாமல் கைமாறியது.

அரசுப் பணம் வரவில்லை என்று சொல்ல முடியாது. அதிபர் ஜான்சனின் அரசு 1964-இல் கொண்டுவந்த பொருளாதார வாய்ப்புச் சட்டம், ஏழைகளுக்கான திட்டங்களில் அவர்களே இயன்ற அளவு பங்கேற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 1966-இன் மாதிரி நகரங்கள் திட்டம் அதன் தொடர்ச்சி. அதை முதலில் செயலுக்குக் கொண்டுவந்த நகரங்களுள் சியாட்டிலும் ஒன்று. அந்தப் பணத்தின் நற்பயன் ஒன்று இன்றும் இருக்கிறது. நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரம் முழுக்கக் கடந்து போகவேண்டிய தாய்மாருக்காக, அருகிலேயே குழந்தைகள் மருத்துவமனை வேண்டும் என்று மத்திய மாவட்டத்தில் போராடியவர் ஓடெசா பிரவுன். அவர் 1969-இல் இறந்தார்; மறு ஆண்டு மாதிரி நகரங்கள் பணத்தில் அவர் பெயரிலேயே மருத்துவமனை திறந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2022-இல், அதே மருத்துவமனை நகரின் தென்கோடியில் ஒத்தெல்லோ பகுதியில் இரண்டாவது கிளையைத் திறக்கவேண்டியதாயிற்று. அது பார்த்துவந்த குடும்பங்கள் பல வாடகை தாளாமல் தெற்கே போய்விட்டன. மருத்துவமனை நிலைத்தது, நோயாளிகளின் வீடுகள் நிலைக்கவில்லை. சேவைக்குக் கொடுத்த பணம் எவ்வளவு நல்ல பணமாக இருந்தாலும், அதைப் பெற்றவர்களின் காலடி நிலத்தைக் காக்காது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். சியாட்டிலில் பூர்வகுடியினர் 1970 மார்ச்சில் பெர்னி வைட்பியர் தலைமையில், ராணுவம் கைவிட இருந்த லாட்டன் கோட்டைக்குள் நுழைந்து உரிமை கோரினர். பேச்சுவார்த்தையில் கிடைத்த நிலத்தில் டேபிரேக் ஸ்டார் பண்பாட்டு மையம் 1977-இல் எழுந்தது. 1972 அக்டோபரில் பீக்கன் ஹில் பகுதியில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தைச் சுற்றிப்பார்க்க வேண்டும் என்று ராபர்ட்டோ மேஸ்டாஸும் தோழர்களும் கேட்டார்கள். கதவு திறந்தது, உள்ளே போனவர்கள் வெளியே வர மறுத்துவிட்டார்கள். கதகதப்பூட்டும் வசதி இல்லாத அந்தக் கட்டடத்தில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பள்ளி ஆண்டுக்கு 1 டாலர் குத்தகைக்குக் கிடைத்தது. 'எல் சென்ட்ரோ டெ லா ராசா' என்ற அமைப்பு பிறந்தது. பின்னர் அந்த இடத்தையே அது விலைக்கு வாங்கியது. பள்ளியை ஒட்டிய மனையில் 2016-இல் 112 வீடுகள் கொண்ட குடியிருப்பு, மேஸ்டாஸ் பெயரில் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ரயில் நிலையம் வந்து நிலவிலை எகிறிய பின்னும் அந்தக் குடும்பங்களை யாரும் அசைக்க முடியாததற்குக் காரணம், மனை அமைப்பின் பெயரில் இருப்பதுதான்.

நிலத்தைப் பொதுவில் வைக்கும் இந்த எண்ணத்துக்கு இந்திய வேர் ஒன்றும் உண்டு. தனியார் விற்க முடியாதபடி நிலத்தை ஓர் அறக்கட்டளை வைத்திருப்பது, அதன்மேல் உள்ள வீட்டை மட்டும் குடியிருப்பவருக்குத் தருவது என்பதே சமூக நில அறக்கட்டளை முறை. 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் சார்ல்ஸ் ஷெராட் உள்ளிட்ட குடிமை உரிமைப் போராளிகள் 5,700 ஏக்கரில் தொடங்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்' அதன் முதல் வடிவம். வினோபா பாவேயின் பூதான, கிராமதான இயக்கங்கள் அதற்கு ஊக்கம் தந்தவற்றுள் அடங்கும். ஆனால் ஜார்ஜியாவில் வேறொரு பாடம் காத்திருந்தது. கூட்டரசு தருவதாக இருந்த பெருந்தொகை மாநில ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸின் எதிர்ப்பால் வரவில்லை. வறட்சி வந்தபோது வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு மறுக்கப்பட்டது; 1985-இல் நிலம் கடனுக்குப் போனது. வேளாண்மைத் துறை இனப் பாகுபாடு காட்டியது என்ற வழக்கின் முடிவாக 2009-இல் சுமார் 12 மில்லியன் டாலர் இழப்பீடு கிடைத்தது, போன நிலம் திரும்பவில்லை. ஆக, பத்திரம் மட்டும் இருந்தாலும் போதாது. அதன் பின்னால் பொதுப்பணம் நிற்க வேண்டும். பாஸ்டன் நகரம் 1988-இல் டட்லி தெரு வட்டார அமைப்புக்குத் தரிசு மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே தந்தது. அரசும் மக்களும் ஒரே பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

சியாட்டிலில் பத்திரம், பொதுப்பணம் ஆகிய இந்த இரண்டையும் சேர்க்கும் எண்ணம் ரயில்பாதையோடு வந்தது. பல இன மக்கள் வாழும் ரெய்னியர் பள்ளத்தாக்கில் பாதையைச் சுரங்கமாக அமைக்காமல் தெருமட்டத்தில் போடுவது என்று முடிவானபோது, கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் எதிர்த்தார்கள். அதன் விளைவாக 50 மில்லியன் டாலரில் வட்டார வளர்ச்சி நிதி ஒன்று அமைந்தது. 2009-இல் ரயில் ஓடத் தொடங்கியதும், எதிர்பார்த்தபடியே நிலவிலை ஏறியது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் நகர மக்கள்தொகை சுமார் 6,09,000-லிருந்து 7,37,000 ஆகப் பெருகியது. 2035-ஐ நோக்கிய பெருந்திட்டத்தை நகரம் வரைந்தபோது, இந்த வளர்ச்சியின் சுமை யார் தோளில் விழும் என்று கேட்டு, தென்பகுதி அமைப்புகள் விடாமல் அழுத்தின. அதன் பயனாக 2016-இல் நகரம் இரண்டு குறியீடுகளை உருவாக்கியது: ஒன்று வெளியேற்ற அபாயத்தை அளப்பது, மற்றொன்று பள்ளி, வேலை, போக்குவரத்து போன்ற வாய்ப்புகளின் எட்டுதூரத்தை அளப்பது. ரெய்னியர் பீச், ஒத்தெல்லோ, சவுத் பார்க் ஆகியவை அபாயம் மிகுந்தும் வாய்ப்பு குறைந்தும் இருந்தன. முன்பு சிவப்பு வண்ணம் பூசிய வரைபடம் கடனைத் தடுத்தது; இப்போது வரைபடம் பணத்தை அந்தப் பக்கம் திருப்பியது.

முதல் பணம் வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். நகர மன்றத்துக்கு நேர் எதிரே, பழைய காவல் தலைமையகத்தை இடித்த இடம் ஆண்டுக்கணக்கில் ஒரு முழுக் கட்டத்தை அடைத்த பள்ளமாகக் கிடந்தது. அந்தப் பொதுநிலத்தை விற்று வந்த 16 மில்லியன் டாலரே இத்திட்டத்தின் கைமுதல். முதல் பட்டியலில் ஐந்து பணிகள் இருந்தன: குரோஸ் பெயரிலான பண்பாட்டுப் புத்தாக்க மையம், ரெய்னியர் பீச்சில் உணவுத்தொழில் மையம், குடியேறியவர்களுக்கான பல்பண்பாட்டு மையம், வியட்நாமியரின் லிட்டில் சைகோன் அடையாளக் கட்டடம், தென்கிழக்கில் பொருளாதார வாய்ப்பு மையம். கடைசியாகச் சொன்னதுதான் ஒத்தெல்லோ சதுக்கமாக வளர்ந்தது. ஓடெசா பிரவுன் மருத்துவமனையின் இரண்டாவது கிளை இருப்பது அங்கேதான். பின்னர் குறுகிய கால வீட்டு வாடகை மீதான வரியும், 2020-இல் இயற்றிய 'ஜம்ப்ஸ்டார்ட்' வரியின் 9 சதவீதமும் இதற்கு ஒதுக்கப்பட்டன. பெருநிறுவனங்கள் உயர்சம்பள ஊழியருக்குக் கொடுக்கும் ஊதியத்தின்மேல் விதிக்கப்படுவது அந்த வரி. வாடகையை ஏற்றிய வளமே அதன் ஈட்டுத்தொகையையும் தருகிறது என்பதால், இதை நியாயமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

இனத்தைப் பார்த்துப் பொதுப்பணம் கொடுக்கலாமா என்பது முதல் மறுப்பு. வாஷிங்டன் வாக்காளர்கள் 1998-இல் நிறைவேற்றிய 200-ஆம் முன்மொழிவு, அரசு வேலை, கல்வி, ஒப்பந்தம் ஆகியவற்றில் இன அடிப்படையிலான முன்னுரிமையைத் தடைசெய்கிறது. மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இந்தத் திட்டம் ஆளின் நிறத்தைக் கேட்டுப் பணம் கொடுப்பதில்லை. இடத்தின் அபாயத்தையும் பணியின் தன்மையையும் பார்க்கிறது. ஒத்தெல்லோவில் கட்டிய வீட்டில் எந்த இனத்தவரும் விண்ணப்பித்துக் குடியேறலாம். அபாயம் சில இனத்தவர் வாழும் இடங்களில் குவிந்திருக்கிறது என்றால், அதைக் குவித்தது அரசின் வரைபடமும் பத்திர நிபந்தனையும்தான். நிறம் பார்த்து வரையப்பட்ட எல்லைக்குள் நடந்த இழப்பை நிறத்தைப் பற்றிப் பேசாமல் விவரிக்கக்கூட முடியாது.

இன்னும் வலுவான மறுப்பு பொருளாதார அறிஞர்களிடமிருந்து வருவது: வீடு பற்றாக்குறையால்தான் வாடகை ஏறுகிறது, அடுக்குமாடிகளுக்கு அனுமதியைத் தளர்த்தினால் போதும், சில டஜன் மையங்களுக்குக் கொடுக்கும் பணம் கடலில் கரைத்த பெருங்காயம். இதில் பாதி உண்மை. நகரம் முழுக்க வீடு பெருகாமல் எந்த நிதியும் வாடகையைப் பிடித்து நிறுத்தாது. இத்திட்டத்தின் ஆதரவாளர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது தவறு. மறுபாதி வேறு. வீட்டு எண்ணிக்கை நகரத்தின் சராசரி வாடகையைப் பத்து, இருபது ஆண்டுகளில் இறக்கக்கூடும். அதற்குள் இடிபடும் கடைவரிசை எது, பூட்டப்படும் தேவாலயம் எது என்பதைச் சராசரி சொல்லாது. ஹலால் இறைச்சிக் கடையும் சோமாலி மொழி வகுப்பும் போனபின் வாடகை இறங்கினாலும் போனவர்கள் திரும்புவதற்குக் காரணம் இருக்காது. நிதி காலத்தை வாங்குகிறது, வீட்டுப் பெருக்கம் காலப்போக்கில் வேலை செய்கிறது, இரண்டும் வேண்டும்.

2024-இல் மறுப்பு நகர மன்றத்துக்குள்ளேயே எழுந்தது. முந்தைய ஆண்டுகளில் ஒதுக்கிய பணமே செலவாகாமல் கிடக்கும்போது புதிதாக ஏன் என்று கேட்டு, சுமார் 25 மில்லியன் டாலரை நிறுத்திவைக்கும் திருத்தம் முன்வைக்கப்பட்டது. மக்கள் திரண்டுவந்து மன்றத்தில் பேசினார்கள். முடக்கும் முயற்சி கைவிடப்பட்டது. கணக்குக் கேட்பது மன்றத்தின் கடமை, அதில் குறையில்லை. ஆனால் செலவாகாத பணம் என்ற சொல்லே தவறான படத்தைத் தருகிறது. சிறிய அமைப்பு ஒன்று மனையைப் பார்த்து, விலை பேசி, வங்கிக் கடனும் மாநில நிதியும் வரிக்கழிவும் ஒன்றுசேரும்வரை நகரத்தின் பங்கு பெட்டியில்தான் இருக்கும். அந்தப் பங்கு உறுதி என்பதைக் காட்டித்தான் மற்றவை பெறப்படுகின்றன. தாமதத்தில் நகரத்துக்கும் பங்கு உண்டு. 2016 பட்டியலில் முதலில் நின்ற குரோஸ் மையத்துக்கு உரிய இடம், 2013 முதல் பயன்பாட்டில் இல்லாத ஆறாம் எண் தீயணைப்பு நிலையம். நகரத்துக்கே சொந்தமான அந்தக் கட்டடத்தைக் கொடுக்கும் முடிவு, கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டபின் தெருவெல்லாம் கொதித்த 2020-இல்தான் வந்தது.

சமூகம் என்றால் யார், அமைப்பின் தலைவர்களா, அங்கே வாடகை கட்டுகிறவர்களா என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. ஆலோசனைக் குழுவும் பொதுவில் வெளியிடும் தேர்வுமுறையும் ஓரளவுக்கு உதவும்; குடியிருப்பவருக்கு நிர்வாகக் குழுவில் வாக்கு தருவது அதைவிட மேல். நிதியின் பக்கமும் நிலை உறுதியில்லை. 2024 இறுதியில் ஜம்ப்ஸ்டார்ட் பணத்தைப் பொதுச் செலவுக்கும் எடுக்கலாம் என்று விதி தளர்ந்தது. பத்திரத்தின் கதையும் முடியவில்லை. மத்திய மாவட்டத்தில் 24-ஆம் அவென்யூவும் யூனியன் தெருவும் சேரும் முனையில், பசிபிக் வடமேற்கின் முதல் கறுப்பினர் வங்கியான லிபர்ட்டி வங்கி 1968-இல் திறந்த இடத்தில், 2019 முதல் 115 வீடுகள் நிற்கின்றன. பழைய வங்கியின் செங்கற்களும் பெட்டகக் கதவுகளும் புதிய கட்டடத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. கட்டியது வேறு நிறுவனம். வரிச்சலுகைக் காலமான 15 ஆண்டு முடிந்ததும் உடைமையை ஆப்பிரிக்காடவுன் சமூக நில அறக்கட்டளைக்கு மாற்றுவது என்பது உடன்பாடு. அந்தப் பத்திரம் 2030-களின் நடுவில் எழுதப்பட வேண்டும்.