மொன்றியல் வகுப்பறையில் எங்கட பிள்ளையள்: நாற்பது வருடக் கதை

மொன்றியலுக்கு வந்து சேர்ந்த எம்மவரின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாகக் கோயிலில் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் முதல் மரக்கறிக் கடையில் தொடங்குவார்கள். இந்தப் புத்தாண்டு மலரில் நான் பாடசாலையில் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். உயிரைக் காப்பாற்ற ஓடிவந்தோம் என்பது மெய்தான். ஆனால் உயிர் தப்பின அடுத்த நாளே "பிள்ளையை எங்கை சேர்க்கிறது?" என்று கேட்ட சனம் நாங்கள்.

அந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. 1971இல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவன் 400க்கு 250 புள்ளி எடுக்க வேண்டும், சிங்கள மொழி மூல மாணவனுக்கு 229 போதும் என்றானது. பேராதனையில் பொறியியலுக்கு 250க்கு எதிரே 227. பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டால் வன்னி, மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கதவு திறந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த இருபத்தொரு புள்ளிக்குள் விழுந்தவர்களின் மனக்காயம் ஆறவில்லை. வசதி உள்ளவர்கள் காணியை ஈடு வைத்து லண்டனுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். வசதி இல்லாதவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது நாமெல்லாம் அறிந்த கதை.

1983க்கு முன்னரும் மொன்றியலில் இலங்கை மாணவர்கள் இருந்தார்கள். 1950இல் கொழும்பில் கூடிய பொதுநலவாய நாடுகளின் மகாநாட்டில் உருவான கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவுக்குப் படிக்க வந்தவர்கள் பலர். 1967இல் இந்த நகரத்தில் எக்ஸ்போ கண்காட்சி நடந்தபோது இலங்கைக்கும் அங்கே ஒரு மண்டபம் இருந்தது. அக்காலத்து மாணவர்களுக்கு மொன்றியல் ஓர் ஆங்கில நகரம். மக்கில் பல்கலைக்கழகம், ஆங்கில விரிவுரை, ஆங்கிலம் பேசும் வீட்டுக்காரர். பிரெஞ்சைப் பால்காரனிடமும் பஸ் சாரதியிடமும் மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடலாம். 1983 ஆடிக்குப் பிறகு மிராபெல் விமான நிலையத்திலும் லக்கோல் எல்லையிலும் வந்து இறங்கின எங்களுக்குக் கிடைத்தது வேறு நகரம். 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீனவர்கள் கண்டெடுத்த 155 தமிழர்களிலும் ஒரு பகுதியினர் இங்கேதான் வந்தார்கள்.

நகரம் மாறினதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968இல் மொன்றியலின் வடகிழக்கில் உள்ள சென்-லியோனார் என்ற இடத்தில் பாடசாலைகளைப் பிரெஞ்சு மட்டும் ஆக்கப் போனார்கள். அங்கே குடியிருந்த இத்தாலியர்கள் எங்களைப் போலத்தான், பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்றவர்கள். அவர்கள் எதிர்த்தார்கள். 1969இல் தெருவில் கைகலப்பு வரை போனது. அந்த வருடமே 63ஆம் சட்டம் வந்து பெற்றோர் விரும்பிய மொழியைத் தெரியலாம் என்றது. 1974இல் 22ஆம் சட்டம் வந்து, ஆங்கிலப் பாடசாலைக்குப் போக வேண்டுமானால் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியுமா என்று சோதிக்கச் சொன்னது. 1977 ஆகஸ்ட் 26இல் வந்த 101ஆம் சட்டம் இரண்டையும் மூடியது. வந்தேறியவரின் பிள்ளை அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆரம்பப் பாடசாலையிலும் உயர்தரப் பாடசாலையிலும் பிரெஞ்சிலேயே படிக்க வேண்டும். நாங்கள் வந்தது அதற்கு ஆறேழு வருடம் கழித்து.

"1956இல் சிங்களம் மட்டும் என்றாங்கள், தப்பி இஞ்சை வந்தால் பிரெஞ்சு மட்டும் எண்டிறாங்கள்!" இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ் வீடு கோட்-டெ-நேஜ் பகுதியில் இருந்திருக்காது. எனக்கு இந்த ஒப்பீட்டில் உடன்பாடு இல்லை. தனிச் சிங்களச் சட்டம் சொந்த மண்ணிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனின் மொழியைக் கந்தோரை விட்டுத் துரத்தியது. 101ஆம் சட்டம் இங்குள்ள ஆங்கிலச் சிறுபான்மையின் பாடசாலைகளை விட்டுவைத்தது. வந்தவனுக்குப் பிரெஞ்சு படிப்பிக்க ஆசிரியரையும் கட்டடத்தையும் காசையும் ஒதுக்கியது. இதெல்லாம் பெரியவர்களின் நியாயம். பதினைந்து வயதில், ஓ.எல். பரீட்சைக்கு ஆயத்தமான நிலையில் வந்து, பத்து வயதுப் பிள்ளையின் புத்தகத்தோடு உட்கார்ந்தவனுக்கு இந்த வித்தியாசம் விளங்கியிருக்காது.

இன்னொரு வேடிக்கை. அக்காலத்தில் மொன்றியல் பாடசாலைகள் சமயத்தால் பிரிந்திருந்தன. ஒன்று கத்தோலிக்கச் சபை, மற்றது புரட்டஸ்தாந்துச் சபை. 1903இல் ஒரு சட்டம் யூதப் பிள்ளைகளைக் கல்விக்காகப் புரட்டஸ்தாந்தினர் என்று கணக்கெடுத்தது. பிறகு கத்தோலிக்கர் அல்லாத பலரும் அந்த வாசலாலேயே போனார்கள். புரட்டஸ்தாந்துச் சபையும் பிரெஞ்சுப் பாடசாலைகளைத் திறந்துவிட்டிருந்தபடியால், எங்கள் சைவப் பிள்ளைகளில் கணிசமானவர்கள் திருநீறு பூசிக்கொண்டு புரட்டஸ்தாந்துப் பாடசாலைக்குப் பிரெஞ்சு படிக்கப் போனார்கள். மிஷன் பாடசாலைக்கு மாற்றாக 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் பெருமான் சைவப் பள்ளிக்கூடம் வைத்த வரலாற்றை அறிந்த பாட்டாமார் இதைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்திருப்பார்கள். 1998 யூலை முதலாம் திகதியோடு சமயப் பிரிவு போய், மொழிப் பிரிவு வந்தது.

புதிதாய் வந்த பிள்ளைக்கு முதலில் "கிளாஸ் டக்கேய்" என்ற வரவேற்பு வகுப்பு. வியட்நாம், எய்ற்றி, சிலி, எல் சல்வடோர் என்று பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆகவே விளையாட்டு மைதானத்திலும் பிரெஞ்சைத்தான் பேசியாக வேண்டும். அதனாலேயே பிள்ளைகள் கெதியாய்ப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் பிள்ளைக்கு அந்த மொழியில் எது கஷ்டம், எது சுகம் என்பதை ஒருவரும் எழுதி வைத்ததாய்க் காணவில்லை, ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் இலக்கணத்தில் உயிரில்லாப் பொருளெல்லாம் அஃறிணை. பிரெஞ்சிலோ மேசை பெண், புத்தகம் ஆண். ஏன் என்று கேட்டால் ஆசிரியைக்கும் தெரியாது, பாடமாக்கு என்பார். எண்ணில் தொண்ணூற்றைச் சொல்ல "நாலு இருபது பத்து" என்பார்கள். இதைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகளுக்கு, எங்கள் தொண்ணூறும் நூறு என்ற சொல்லை வைத்துக் கட்டின ஒரு கோணல் எண்தான் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். கணக்கில் எங்கட ஆட்கள் கெட்டிக்காரர், ஆனால் மூன்றரையை 3.5 என்று எழுதினால் பிரெஞ்சு வகுப்பில் புள்ளியை வெட்டிக் காற்புள்ளி போடுவார்கள், 3,5. ஊரில் 60 புள்ளி எடுத்தவன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவான். இங்கே சித்தியடைய ஆகக் குறைந்தது 60 வேண்டும். முதல் தவணை அறிக்கையைப் பார்த்து "அறுபத்திரண்டா, பரவாயில்லை" என்று மகிழ்ந்த தகப்பன்மார் உண்டு.

மரியாதைப் பிரச்சினை வேறு. நீ, நீங்கள் என்ற எங்கள் வேறுபாடு பிரெஞ்சிலும் "து", "வு" என்று இருக்கிறது. இதைக் கண்டு பிள்ளைக்கு ஒரே சந்தோசம், எங்கட பாஷை மாதிரி! ஆனால் வகுப்பில் பார்த்தால் கியூபெக் பிள்ளைகள் பலர் ஆசிரியையையே "து" என்று கூப்பிடுகிறார்கள். ரீச்சரை "நீ" என்பதா? தமிழ்ப் பிள்ளைக்கு நாக்கு வராது. சாப்பாட்டுப் பெயரிலும் குழப்பம். இங்கே மத்தியானச் சாப்பாடு "டீனே", இரவுச் சாப்பாடு "சூப்பே". பாரிசில் லா சப்பேலில் இருக்கும் மச்சானோடு ரெலிபோனில் கதைத்தால், அவருக்கு "டீனே" இரவுச் சாப்பாடு. "என்னடா பிரெஞ்சு கதைக்கிறாய்" என்று அவர் பகிடி பண்ணுவார். குளிரைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. ஸ்நோ சூட்டுக்குள் பிள்ளையைத் திணித்து, சப்பாத்தை மாட்டி முடித்தபிறகு "அம்மா, ஒண்டுக்கு" என்று அது சொல்வதை எல்லா வீட்டுக்காரரும் அறிவீர்கள்.

பெயர் விவகாரமும் சுவையானது. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. பிள்ளையின் பெயருக்கு முன் தகப்பன் பெயர். குடிவரவுக் கடதாசியில் அது பின்னால் போய்க் குடும்பப் பெயர் ஆகிவிட, பேரனார் பெயரால் தகப்பனும் தகப்பன் பெயரால் மகனும் கூப்பிடப்பட்டார்கள். ரொறன்ரோவில் தாயின் பெயரும் வேறு என்றால் கேள்வி கேட்பார்கள். கியூபெக்கில் 1981 முதல் பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் பிறந்த பெயரையே வைத்திருக்கும் சட்டம் இருப்பதால், அதில் மட்டும் எங்களுக்கு ஆறுதல்.

ஆறு மாதத்தில் பிள்ளைக்குப் பிரெஞ்சு வந்துவிடும், தாய் தகப்பனுக்கு வராது. அப்போது வீட்டில் பிள்ளை பெரிய ஆளாகிவிடும். மின்சார பில், வெல்பெயர்க் கடிதம், டொக்டர், வீட்டுக்காரனோடு சண்டை எல்லாவற்றுக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். பாடசாலையில் பெற்றோர் சந்திப்புக்கும் அதுவே. "உங்கள் மகன் வகுப்பில் அதிகம் கதைக்கிறான்" என்று ஆசிரியை சொன்னதை மகன் எப்படி மொழிபெயர்த்திருப்பான் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன். சிரிப்பான கதைதான். ஆனால் தாயின் வருத்தத்தை டொக்டருக்குச் சொல்லவேண்டி வந்த பெண்பிள்ளைகளுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை.

உண்மையில் அதிகம் இழந்தவர்கள் பதினேழுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட இளைஞர்கள். ஏ.எல். முடித்தும் முடிக்காமலும் வந்தவர்கள். பாடசாலைக்கு வயது கூட. அகதிக் கேஸ் முடியும்வரை செஜெப்புக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம். 1978இல் இருந்து கியூபெக்கில் அந்தத் தனிக் கட்டணம் இருந்தது. கோப்பை கழுவுகிறவன் அதை எப்படிக் கட்டுவான்? ஊரில் தங்கச்சிக்குச் சீதனம், ஏஜென்சிக் கடன் வேறு. பெரியவர்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்க "கோபி" என்ற நிலையங்கள் 1960களின் இறுதியில் இருந்து 2000ஆம் ஆண்டு வரை நடந்தன. பகல் வேலை, பின்னேரம் வகுப்பு என்று அலைந்து, கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு 401 நெடுஞ்சாலையால் ரொறன்ரோவுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். ஆறு மணித்தியால ஓட்டம். ஆங்கிலம் இருக்கிறது, வேலை இருக்கிறது, சனம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மொன்றியல் சமூகம் சிறுத்துப்போனதற்குக் குளிரைக் காரணம் சொல்பவர்களை நான் நம்பமாட்டேன். ரொறன்ரோவிலும் குளிர்தான்.

நின்றவர்களுக்கு ஒரு வழி இருந்தது. 101ஆம் சட்டம் செஜெப்பைத் தொடவில்லை. பதினோராம் வகுப்போடு இங்கே பாடசாலை முடியும், பிறகு பல்கலைக்கழகத்துக்கு முன் இரண்டு வருடம், தொழில்நுட்பப் படிப்பானால் மூன்று வருடம், செஜெப். அதை விரும்பிய மொழியில் படிக்கலாம். ஆகவே பிரெஞ்சில் படித்து முடித்த எங்கள் பிள்ளைகள் பலர் வனியேய்க்கும் டோசனுக்கும் ஓடினார்கள். 1988 தையில் ஸ்னோடன்வரை நீண்ட நீலப் பாதை மெற்றோ பார்க் நிலையத்தையும் கோட்-டெ-நேஜையும் மொன்றியல் பல்கலைக்கழகத்தையும் ஒரே கோட்டில் இணைத்தது. எம்மவர் குடியிருந்த இடங்களுக்காகவே போட்டது போல.

பல்கலைக்கழகம் என்றால் அதிகம் பேருக்குக் கொன்கோர்டியா. அதற்குக் காரணம் உண்டு. 1974இல் லொயோலா கல்லூரியும் சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து பிறந்தது அது. சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் வை.எம்.சி.ஏ.யின் இரவு வகுப்புகளில் இருந்து வளர்ந்தது. பகலில் வேலை செய்து இரவில் படிக்கிறவனை அங்கே குறைவாகப் பார்ப்பதில்லை. கீ நிலையத்தில் இறங்கி (1987க்குப் பிறகு அதன் பெயர் கீ-கொன்கோர்டியா) மின்படியில் ஏறின எத்தனை பேருக்கு அந்த ஹோல் கட்டடத்தின் கதை தெரியும்? 1968இல் ஆறு கரீபிய மாணவர்கள், ஒரு விரிவுரையாளர் கறுப்பு மாணவர்களுக்கு வேண்டுமென்றே புள்ளி குறைக்கிறார் என்று முறையிட்டார்கள். முறையீடு இழுபட்டது. 1969 மாசியில் ஒன்பதாம் மாடிக் கணினி அறையை மாணவர்கள் பிடித்து வைத்திருந்து, கடைசியில் தீயும் பொலிசும், 97 பேர் கைது. அதில் சிறை சென்று பின்னர் நாடு கடத்தப்பட்ட றூஸ்வெல்ற் டக்ளஸ் 2000ஆம் ஆண்டில் டொமினிக்கா நாட்டின் பிரதமரானார். 2022இல்தான் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. புள்ளியால் வந்த வழக்கு. புள்ளியால் நாடு விட்ட எங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பிற்காலத்தில் சில கதவு திறந்தது, சில ஒடுங்கியது. கடதாசி இல்லாத பெற்றோரின் பிள்ளைகளும் இலவசமாகப் படிக்கலாம் என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. 2022இல் வந்த 96ஆம் சட்டம் ஆங்கிலச் செஜெப்புகளில் இடங்களுக்கு எல்லை போட்டது. புதிதாய் வந்தவருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு அரசாங்கம் சில விதிவிலக்குகள் தவிரப் பிரெஞ்சிலேயே எழுத வேண்டும் என்றும் சொன்னது. ஆறு மாதத்தில் தாய்க்குப் பிரெஞ்சு வராது என்று மேலே சொன்னேன். ஆகவே அந்த ஒன்பது வயது மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இன்னும் இருக்கிறது.

இன்னுமொரு விசயம் பல இளம் பெற்றோருக்குத் தெரியாமல் இருக்கிறது. இங்கே ஆங்கிலப் பாடசாலைக்குப் பிள்ளையை விட, தாயோ தகப்பனோ கனடாவில் ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்த கனேடியப் பிரசையாக இருக்க வேண்டும். மொன்றியலில் நின்று பிரெஞ்சில் படித்தவரின் பிள்ளைக்கு, துணைவருக்கும் அந்தத் தகுதி இல்லையென்றால், அது இல்லை. ரொறன்ரோவுக்குப் போன மச்சாளின் பிள்ளைகள் நாளை இங்கே வந்தால் அவர்களுக்கு உண்டு. பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

அப்படியே அலுமாரிக்குள் கிடக்கும் பழைய தவணை அறிக்கைகள், வரவேற்பு வகுப்புப் படங்கள், கோபிச் சான்றிதழ்களை எறிய முதல் ஒருக்கால் சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கோ. பிரதி எடுத்துவிட்டுத் தருகிறோம்.