நட்சத்திரம் போட்ட ஒரு சொல்

மொழியியல் புத்தகங்களில் சில சொற்களுக்கு முன்னால் சின்னதாய் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த வடிவத்தை எவரும் எழுதிவைத்து நாங்கள் கண்டதில்லை, பிறகு வந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று அர்த்தம். 'எனிகெனா' அப்படியொரு சொல். ஐரிஷ், வெல்ஷ் போன்றவற்றுக்கெல்லாம் மூலமான ஆதிக் கெல்டிக் மொழியில் அது மகளை, இளம் பெண்ணைக் குறித்தது.

'எனி' என்றால் உள்ளே. 'கென்' என்றால் பிறத்தல். குடிக்குள்ளே பிறந்தவள். இந்தக் 'கென்' எங்களுக்கும் தூரத்துச் சொந்தம்தான். அதே இந்தோ-ஐரோப்பிய வேர் சமஸ்கிருதத்தில் 'ஜன்' ஆனது. சனம், சென்மம், சாதி எல்லாம் அந்த வழியால் எங்களிட்ட வந்தவை. "பஸ்ஸில சரியான சனம்" எண்டு அலுத்துக்கொள்ளேக்க அந்த வேரைத்தான் உச்சரிக்கிறோம்.

நட்சத்திரம் போட்ட சொல்லுக்குக் கிட்டத்தட்டக் கல்லிலேயே சாட்சி உண்டு. வேல்ஸின் கார்மார்தன்ஷயரில், ரோமர் பிரித்தானியாவை விட்டுப் போனபின் நட்ட ஒரு நினைவுக்கல். ஒரு பக்கம் லத்தீன். விளிம்பில் கோடு கோடாய் வெட்டிய ஓகம் எழுத்து. குனிக்னுவின் மகள் அவிடோரியா என்கிறது லத்தீன். ஓகத்தில் 'மகள்' வருகிற இடத்தில் 'இனிகெனா' என்றிருக்கிறது. ஓகம் கற்கள் பெரும்பாலும் இன்னாரின் மகன் இன்னார் என்று ஆம்பிளையளைத்தான் பேசும். அவிடோரியா அபூர்வம். அவளும் தகப்பன் பெயரோடுதான் நிற்கிறாள்.

அது இண்டைக்கும் விடவில்லை. இனிகெனா பழைய ஐரிஷில் 'இன்யென்' ஆகி, இப்போது 'இனீன்'. குடும்பப் பெயரில் ஆண்களுக்கு 'ஓ' வரும். மணமாகாத பெண்ணுக்கு 'நீ'. அது 'இனீன் ஈ', அதாவது 'வழிவந்தவனின் மகள்' என்பதன் சுருக்கம். பாடகி என்யாவின் ஐரிஷ் குடும்பப் பெயர் 'நீ'யில்தான் தொடங்குகிறது. (எங்கட 'நீ' இல்லை!) கலியாணம் கட்டினால் மரபுப்படி அந்த 'நீ'யும் போய், இன்னாரின் மனைவி என்றாகிவிடும்.

தகப்பன் பெயர் இல்லாத ஒரு பெட்டையும் இருக்கிறாள். பிரான்சில், முக்கியமாய் ஓட்டன் நகரப் பக்கம், ரோமர் காலத்து நூல் நூற்கும் தக்களி வளையங்கள் கிடைத்தன. பெருவிரல் அளவுக் கல்லில் கோலிஷும் லத்தீனும் கலந்து பொறித்திருக்கிறார்கள். ஒன்றில் 'கெனெதா' என்ற சொல், அதே 'கென்'தான். வெல்ஷில் பெண்பிள்ளையைக் குறிக்கும் 'கெனெத்' இதன் உறவு. நான் நல்ல, வடிவான பெட்டை என்று அது சொல்கிறது. இன்னொன்று, வடிவான பெட்டையே, பியர் தா என்கிறது! இவை ஆண்கள் கொடுத்த பரிசாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியென்றால் அந்த 'நான்' கூட அவள் சொன்னதில்லை. ஆனால் கையில் வைத்துச் சுழற்றினது அவள்தான்.