'நைஸ்': ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருள் வரலாறு

'நாற்றம்' என்ற சொல் நறுமணம் குறித்த நிலையிலிருந்து தாழ்ந்தமையை இழிபொருட்பேற்றுக்குச் சான்றாகக் காட்டுவர். இதற்கு நேர்மாறாக உயர்ந்த ஆங்கிலப் பெயரடை 'நைஸ்'. 'அறியாத' என்னும் பொருளுடைய 'நெஸ்கியுஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம். 'நெ' எதிர்மறை, 'ஸ்கிரே' அறிதல். 'சயின்ஸ்' என்பதும் இவ்வினையடியாகவே பிறந்தது என்பது வியப்பிற்குரியது.

பழைய பிரெஞ்சின் வழியே 1300 அளவில் ஆங்கிலம் புகுந்தபோது இச்சொல் மூடத்தனத்தைக் குறித்தது. பின்னர் ஒழுக்கங்கெட்ட, நாணமுடைய, எளிதில் நிறைவுறாத, நுண்ணிய எனத் தம்முள் முரணும் பொருள்கள் கிளைத்தன. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில், மூண்ட பூசல் எத்துணை அற்பமானது என ரோமியோ எடுத்துரைத்ததைப் பென்வோலியோ அரசனிடம் கூறுமிடத்தில் இச்சொல் வருகிறது. இன்றைய பொருளில் அதனைப் பெயர்த்தால் பூசல் இனியதாகிவிடும். பென்வோலியோவின் வாதமும் சிதையும். பழைய நூல்களைத் தமிழாக்குவோர் பழகிய சொல்லிடத்தேதான் மிகுதியும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

'இனிய' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. 1817 இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' புதினத்தில், எதற்கும் பொருந்தும் சொல்லாக இது தேய்ந்துவிட்டதை ஹென்றி டில்னி என்னும் மாந்தன் எள்ளுகிறான். அவ்வெள்ளல் பயனளிக்கவில்லை.

தமிழ்ப் பேச்சுவழக்கில் மாவை 'நைஸாக' அரைப்பது நுண்மைப் பொருளுக்கு அணுக்கமானது. 'நைஸாக நழுவினான்' என்பதிலுள்ள தந்திரப் பொருளோ ஆங்கிலத்தில் இல்லை. அது தமிழர் ஆக்கிக்கொண்டது.