இசை இதழ்களில் இளைஞர் துணைப்பண்பாடு (இந்தியா)

பாட்டு, உடை, முடி, பேச்சு ஆகியவற்றால் ஒரு பகுதி இளைஞர்கள் ஊர் வழக்கத்திலிருந்து விலகித் தனிக் கூட்டமாக நிற்பதைத் துணைப்பண்பாடு என்பர். இக்கூட்டங்களுக்கு அச்சில் முகம் கொடுத்தவை இசை இதழ்கள். யாருக்கு முகம் கொடுக்கவில்லை என்பதும் இவ்வரலாற்றில் சேரும்.

சான் பிரான்சிஸ்கோவில் 'ரோலிங் ஸ்டோன்' பிறந்த அதே 1967-இல், கல்கத்தாவில் 'ஸ்டேட்ஸ்மன்' நிறுவனம் 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' என்ற இதழைத் தொடங்கியது. வாசகர்களுக்கு அது 'ஜேஎஸ்'. ஆசிரியர் டெஸ்மண்ட் டாய்க் ஓவியரும்கூட. நீள்முடி, பெல்பாட்டம், கிதார் என்று அதில் வந்த உலகம் ஆங்கிலம் படித்த நகரத்துப் பிள்ளைகளின் உலகம். 1977-இல் இதழ் நின்றது. 1993-இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்', கல்லூரி ராக், மெட்டல் குழுக்களுக்குச் சொந்தப் பத்திரிகை போல ஆனது. 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பு 2008-இல் வந்தது.

தாமிரபரணிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர்போன ஆத்தூர் போன்ற ஊர்களில் இவ்விதழ்களைத் தேடியவர் அபூர்வம். அங்கே இசை என்றால் இலங்கை வானொலி, சினிமாப் பாட்டுப் புத்தகம். வடசென்னைக் கானாப் பாட்டோ பெருநகரத்திலேயே இருந்தும் ராக் இதழ்களின் கண்ணில் பெரிதாகப் படவில்லை. சாவு வீட்டு வாசலில் சட்டியையோ மேசையையோ தட்டித் தாளம் பிடித்துப் பாடும் இளைஞனுக்கும் தனிப் பேச்சு உண்டு, தனி மிடுக்கு உண்டு. துணைப்பண்பாட்டின் இலக்கணம் எல்லாம் பொருந்தும். ஆங்கிலம் மட்டும் இல்லை. கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியது, இயக்குநர் பா. ரஞ்சித் முன்னெடுப்பில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அதன் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில் சென்னையில் நடந்தது. ராப் பாடகர் அறிவு அந்த மேடையிலிருந்து வந்தவர்.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற பாட்டு வெளியானது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. பாடியவர்கள் தீ, அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எழுதிய வரிகள் அவை. முற்காலத்தில் தோட்டக் கூலிகளில் பலர் கொழும்புக்குக் கப்பலேறிய துறை தூத்துக்குடி என்பதால், அந்தக் கரைக்காரர்களுக்கு அது வெறும் துள்ளல் பாட்டு அல்ல.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாத 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும், கனடாவாழ் ஈழத்தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர். 'எஞ்சாய் எஞ்சாமி'யையும், 'சார்பட்டா பரம்பரை' படத்துக்காக ஷான் பாடிய 'நீயே ஒளி'யையும் எழுதிய அறிவு இல்லை. அவர் மறுபடியும் மறைக்கப்பட்டிருக்கிறார் என்று ரஞ்சித் ட்விட்டரில் எழுதினார். சாதி பற்றிய கேள்வி வெளிப்படையாக எழுந்தது. பாட்டு தனக்கு வந்தால் போதும், பாட்டுக்காரன் வேண்டாம் என்பது அட்டைத் தேர்வின் பழைய நோய். உள்நோக்கம் இருந்ததா என்பதைவிட, அச்சுக்குப் போகுமுன் அட்டையைப் பார்த்த யாருக்கும் அது உறுத்தவில்லை போலும் என்பதே கவனிக்கத்தக்கது.

எதிர்ப்புக்குப் பின் அதே மாதம் அறிவின் படத்துடன் தனி டிஜிட்டல் அட்டை ஒன்றை இதழ் வெளியிட்டது. முதலில் வந்த ஆகஸ்டு அட்டையில் இன்றும் இருவர்தான்.